ஆண்கள் வார்டில் பெரட்டு

எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலரில், அந்த வருஷம் ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது வழக்கம். டாக்டர்கள் எழுதுவார்கள், சிஸ்டர்கள் எழுதுவார்கள். வார்டு அட்டெண்டர் எழுதி நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் போய்க் கேட்கிறார்களே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. "எழுத வராட்டா மேடையில ஏறிப் பேசுங்க அண்ணாச்சி" என்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கே பேனா வாங்கிவிட்டேன். நாலு பேர் கூடி நின்றால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிற ஆள் நான். என் கல்யாண வீடியோவிலேயே என் முகம் பாதிதான் தெரியும்.

ஒரு பக்கம்தான் கேட்டார்கள். மிஞ்சிப் போய்விட்டது. மலர்க்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். எக்ஸ்ரே அறை வாசலில் கொஞ்ச காலம் நின்றேன். கடைசியில் ஆண்கள் அறுவை வார்டில் போட்டார்கள், அங்கேயே தங்கிவிட்டேன். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, தையல் இழுபடாமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது எல்லாம் செய்து செய்து கற்றதுதான். தூக்கித் தூக்கி என் இடுப்பு தேய்ந்துவிட்டது. இனி ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று எங்கள் டாக்டரே எழுதிக் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதில் நானாகக் கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வார்டு ரயில் பெட்டி போல நீளம். இரண்டு பக்கமும் கட்டில், நடுவில் நடைபாதை, வாசலை ஒட்டி சிஸ்டர் மேசை. பகலில் இரண்டு சிஸ்டர்கள், நான். பயிற்சிக்கு வரும் மாணவி இருந்தால் யோகம். இரவில் ஒரே ஒரு சிஸ்டர். ஒரு கோடியில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது மறு கோடியில் ஒருவர் வாந்தி எடுப்பார். இடையில் ஒருவருக்குப் பாட்டில் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறும். இத்தனையையும் சமாளித்தவர் ஜெபராணி சிஸ்டர்.

ஹெட் சிஸ்டர் என்றால் அதட்டுவார் என்று நினைப்பீர்கள். ஜெபராணி சிஸ்டர் பாளையங்கோட்டைக்காரர், வாத்தியார் வீட்டுப் பெண். அவர் பேசினால் அடுத்த கட்டிலுக்குக் கேட்காது. எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனாலும் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்படிக் கூப்பிட்டதால் வார்டு முழுக்க அதுவே என் பெயராகிவிட்டது. என் சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. முதல் சட்டம், வார்டுக்குள் யாரும் வெறுங்கையோடு நடக்கக் கூடாது. "அண்ணாச்சி, அந்தக் கோடிக்கா போறீங்க? கை சும்மா இருக்கே" என்பார். போகும்போது சுத்தமான விரிப்பு, வரும்போது அழுக்கு விரிப்பு. ஆள் குறைவு என்று புலம்பி அவர் நேரம் கழித்ததில்லை. நடையைக் குறைத்தார்.

இரண்டாவது, மேசைக்கட்டில். சிஸ்டர் மேசைக்கு எதிரே இருக்கிற கட்டில் அது. அறுவை முடிந்து வந்தவர், மூச்சு வாங்குகிறவர், அதாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டியவருக்குத்தான் அந்தக் கட்டில். ஊர்ப் பெரிய மனிதர் காற்றுக்காகக் கேட்டாலும் கிடைக்காது.

மூன்றாவது சட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவர் சின்ன சிஸ்டராக இருந்த காலத்தில் ஓர் இளைஞன் குடல்வால் அறுவைக்கு வந்திருந்தான். அறிவுசார் குறைபாடு என்று இப்போது எழுதுகிறார்கள், அப்போது வேறு என்னென்னவோ சொல்வார்கள். குழாயைப் பிடுங்குகிறான் என்று ஒரு ஷிப்டில் அவன் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். அடுத்த ஷிப்டு அவிழ்க்கும் என்று அவர்கள் போனார்கள். அடுத்த ஷிப்டு, ஏதோ காரணத்தோடு கட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டது. அவிழ்த்தபோது இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். வீட்டுக்குப் போகிற வரைக்கும் எங்களில் ஒருவரையும் அவன் பார்க்கவில்லை.

ஹெட் சிஸ்டரான அன்றைக்கே ஜெபராணி சிஸ்டர் சொல்லிவிட்டார். "யாரையும் கட்டலாம். ஆனா கட்டினவங்க அவுக்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காரணும்." அதற்கப்புறம் யாருக்கும் கட்டுகிற ஆசை வரவில்லை. உட்காருவதற்கு எங்களிடம் ஆள் ஏது?

இனி இசக்கி கதை.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடி, அங்கிருந்த ஆட்கள் மலையை விட்டு இறங்கி வந்த பிறகு நடந்தது இது. அவர்களில் சில குடும்பங்கள் எங்கள் ஊரில் வாய்க்கால் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு வந்திருந்தன. அங்கிருந்து ஒருநாள் வேலம்மாள் என்ற பெண், தன் தம்பியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். அவர்தான் இசக்கி. நல்ல உயரம், தலையில் சுற்றிய சிவப்புத் துண்டு, எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். அறிவு வளர்ச்சி சின்னப் பிள்ளை அளவுக்கு நின்றுபோனவர். இடது பாதத்தில் சீழ் வைத்து முழங்கால் வரை வீங்கியிருந்தது. இந்தக் காலோடு எப்படி நடந்தார் என்று டாக்டரே கேட்டார்.

"கேட்டாத்தான சொல்லுவான்? கேட்டாலும் சொல்ல மாட்டான்" என்றாள் வேலம்மாள்.

டாக்டர் விஷயத்தை நேராகச் சொன்னார். "தினமும் புண்ணைக் கழுவிக் கட்டணும். மருந்து நரம்புல ஏறணும். ரெண்டும் தவறாம நடந்தா காலு பிழைக்கும். இல்லன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்."

வேலம்மாளுக்கு ஜவுளிக்கடையில் கூட்டித் துடைக்கிற வேலை, புதிதாகச் சேர்ந்தது. லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். சாயங்காலம் ஓடி வருவாள், சோறு ஊட்டுவாள். மணி அடித்ததும் போய்விட வேண்டும். ஆண்கள் வார்டில் பெண்கள் இரவு தங்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். இசக்கிக்கு அக்காளை விட்டால் வேறு ஆளில்லை. முதல் நாள் அவள் வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

மறுநாள் விடிகாலை, பக்கத்து மில்லில் சங்கு ஊதியது. நான் வெந்நீர் எடுத்து வருவதற்குள் கட்டில் காலி. மருந்துக் குழாய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினால், வாசலில் வெளிநோயாளிகள் சீட்டு வாங்குகிற வரிசையில் தலைத்துண்டோடு விறைப்பாக நிற்கிறார். கையைப் பிடித்து இழுத்தால் வரமாட்டேன் என்கிறார். நானும் வாட்ச்மேனும் சேர்ந்து கூட்டி வந்தோம். மறுபடி ஊசி குத்தினால் கையை உதறுகிறார். அதற்கடுத்த நாளும் அதே கதை. சங்கு ஊதியது, ஆள் இல்லை, அதே வரிசை.

"கட்டிப் போடுங்க சிஸ்டர். வேற வழியில்ல" என்றார் டாக்டர்.

"கட்டலாம் டாக்டர். கட்டினா பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். அந்த ஆளு எங்கன இருக்காருன்னு நீங்க காட்டுங்க."

டாக்டர் வார்டை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வாளியைப் பார்த்தேன். "நாளைக்கும் இப்படி ஓடினா நான் காலுக்குப் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வரிசையிலும் ஆளைக் காணோம். தேடிக்கொண்டே போனால், கண் பிரிவு பெஞ்சில் கண்களை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். பக்கத்தில் தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "ஏலே, நான்தாம்லே இசக்கி! என் சீட்ட வாங்கிட்டு இவன் எப்படிலே உள்ள வந்தான்?"

நடந்தது இதுதான். சீட்டு கொடுக்கிறவர் "இசக்கி" என்று கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எந்த வரிசையிலும் இரண்டு இசக்கியாவது இருப்பார்கள். நம்ம இசக்கி முந்திக்கொண்டார்.

"கால்ல இம்புட்டுப் பெரிய கட்டு இருக்கு, கண்ணுக்கா வந்தாருன்னு ஒருத்தரும் கேக்கலியா?" என்றேன்.

"கால்ல கட்டு இருந்தா கண்ணு தெரியணுமாவே?" என்றார் சீட்டுக்காரர்.

அங்கிருந்த சிஸ்டர் சொன்னதுதான் முக்கியம். "இவரப் போல ஒரு ஆளு வந்ததே இல்ல அண்ணாச்சி. மருந்து விடும்போது இமைகூடத் தட்டல. கண்ண மூடி உக்காருங்கன்னேன். சிலை மாதிரி உக்காந்திருக்காரு."

இதை நான் அப்படியே ஜெபராணி சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நம்மகிட்ட மல்லுக்கட்டுதவன் அங்க மட்டும் எப்படி உக்காந்தான்?" என்றார். அன்று சாயங்காலம் வேலம்மாளை மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"அவன் ஓடல சிஸ்டரம்மா" என்றாள் வேலம்மாள். "பெரட்டுக்குப் போறான்."

தோட்டத்தில் விடிகாலையில் சங்கு ஊதும். எல்லோரும் ஒரு களத்தில் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள், "ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும், அப்புறம் இன்னாருக்கு இந்த வேலை என்று பிரித்து விடுவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. இசக்கி சம்பளத்துக்கு எழுதின ஆள் இல்லை. ஆனால் பிள்ளைக் காலத்திலிருந்தே ஆத்தாளோடு வந்து வரிசைக் கடைசியில் நிற்பார். யாரோ ஒரு சூப்பர்வைசர் ஒருநாள் விளையாட்டாக எல்லாருக்கும் கடைசியில் "இசக்கி!" என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் "ஐயா!" என்றிருக்கிறார். அதற்கப்புறம் எத்தனை சூப்பர்வைசர் மாறினாலும் கடைசிப் பெயர் இசக்கிதான்.

"வேலையும் குடுப்பாங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"காவல் வேலை. எலையெல்லாம் நிறுத்து மூட்டையாக் கட்டி ரோட்டோரம் போட்டிருப்பாங்க. லாரி வர்ற வரைக்கும் மூட்டைக்கு இவன் காவல். அட்டை கடிச்சாலும் அசைய மாட்டான், மழை கொட்டினாலும் அசைய மாட்டான். கீழ வந்ததுல இருந்து ஒருத்தரும் அவன் பேரக் கூப்பிடல சிஸ்டரம்மா. சங்கு ஊதினா எங்கியாவது வரிசை இருக்கான்னு பாத்துக்கிட்டு அலையுதான்."

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தத் திருப்பம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்குச் சங்கு ஊதினதும் வார்டுல பேர் கூப்பிடணும். என் சத்தம் மேசையத் தாண்டாது. நீங்கதான் கூப்பிடுதீங்க."

"சிஸ்டர், எனக்கு..."

"பின்னால திரும்பிப் பாக்காதீங்க. இங்கன தூணு கிடையாது."

அன்றிரவு எனக்குச் சரியான தூக்கமில்லை. விடிகாலையில் சங்கு ஊதியதும் நடைபாதை நடுவில் போய் நின்றேன். சிஸ்டர் முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். இசக்கி அதற்குள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

"ஆறுமுகம்" என்றேன்.

இரண்டாம் கட்டிலில் ராதாபுரத்துக்காரர் ஒருவர், கருப்பட்டி வியாபாரி, குடலிறக்க அறுவை முடிந்து படுத்திருந்தார். "என்னவே, பேரு கூப்பிடுதீரா, கொட்டாவி விடுதீரா?" என்றார். வார்டே சிரித்தது. தையல் போட்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீரும்வே, பிரிஞ்சிரும்" என்று திட்டினார்கள்.

எனக்குக் காது சுட்டது. இசக்கி நொண்டி நொண்டி வாசலை நெருங்கிவிட்டார். அந்தக் காலில் ஒவ்வொரு அடியும் எனக்கு டாக்டர் சொன்னதைத்தான் ஞாபகப்படுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

"ஆறுமுகம்!"

"ஐயா!"

"செல்லப்பா!"

"ஐயா!"

ராதாபுரத்துக்காரர் முறை வந்தபோது, "உள்ளேன் ஐயா! வீட்டுப்பாடம் செய்யல ஐயா!" என்றார். இசக்கி வாசலில் நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி வந்து தன் கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். தலைத்துண்டைச் சரிசெய்தார். கடைசியாகக் கூப்பிட்டேன்.

"இசக்கி!"

"ஐயா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்று நாளாக எங்களோடு இருந்தவருக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிஸ்டர் வேலை பிரித்தார். ஆறுமுகத்துக்கு நடக்கிற வேலை, கதவு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். செல்லப்பாவுக்கு மூச்சை இழுத்து விடுகிற வேலை. ராதாபுரத்துக்காரருக்கு வாயை மூடிக்கொண்டு படுக்கிற வேலை. ஒவ்வொரு கட்டிலாகப் போய் மன்றாடிச் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. கடைசியில் இசக்கியிடம் வந்து, மருந்துப் பாட்டிலைக் கொக்கியில் மாட்டினார்.

"இசக்கி, உனக்குக் காவல் வேலை. இந்தப் பாட்டிலுக்கு நீதான் காவல். தீர்ற வரைக்கும் இங்கனயே இருக்கணும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். "லாரி?" என்றார்.

"லாரி வரும்" என்றார் சிஸ்டர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ஊசி குத்தக் கையை நீட்டிக்கொண்டு படுத்தார். உதறவில்லை. பாட்டில் தீர்ந்ததும் நான் கட்டுப் போடுகிற தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் கிறீச்சிட்டது. "லாரி வந்தாச்சு" என்றேன். காலை நீட்டினார். புண்ணைக் கழுவும்போது வண்டியில் எத்தனை தட்டு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் சங்கடமும் இல்லாமல் இல்லை. டாக்டர் வந்து மருந்து ஓடுகிற வேகத்தைக் கூட்டப் பாட்டில் பக்கம் கையைக் கொண்டுபோனார். இசக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "லாரி?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"வண்டி இல்லாம வந்தா தொட விட மாட்டாரு டாக்டர்."

மறுநாளிலிருந்து டாக்டரே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஹாரன் அடிங்க டாக்டர்" என்றார் ராதாபுரத்துக்காரர். டாக்டர் அடிக்கத்தான் செய்தார்.

வீக்கம் குறைய ஆரம்பித்தது. வார்டுக்கே பெரட்டு பழகிவிட்டது. வீட்டுக்குப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு "ஐயா சத்தமாச் சொல்லணும்வே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இசக்கியைப் போல நல்ல நோயாளி உண்டா என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆள் குறைந்த வார்டில் தொந்தரவில்லாத நோயாளி என்றால் கும்பிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

ஜெபராணி சிஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கள் காலை வந்தார். பெரட்டில் இசக்கி "ஐயா" என்றார். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சத்தம் எறங்கியிருக்கே."

பக்கத்தில் போனார். இசக்கி பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே தலைத்துண்டு. அதற்கு மேலே ஒரு கம்பளிப் போர்வை.

"இது யாரு போர்த்துனது?"

"நான்தான் சிஸ்டர்" என்றார் ராதாபுரத்துக்காரர். "நேத்துல இருந்து துண்ட எடுத்து எடுத்துக் கால மூடிக்கிடுதான். குளிருதுபோல, பாவம்னு என் போர்வையக் குடுத்தேன்."

"மாஞ்சோலைக் குளிருல கெடந்தவனுக்கு நம்ம ஊரு வெக்கையில குளிருதா?"

சிஸ்டர் துண்டை எடுக்கப் போனார். இசக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் விட்டுவிட்டு மேசைக்குப் போய் ஜவுளிக்கடைக்குப் போன் போட்டார். வேலம்மாளைப் போனுக்கு வரவழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவனுக்கு வலிச்சா என்னம்மா செய்வான்?"

பதில் எங்களுக்கும் கேட்கட்டும் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார்.

"மூடி வச்சுக்கிடுவான் சிஸ்டரம்மா. அட்டை கடிச்ச எடத்தக்கூட எலைய வச்சு மூடிக்கிடுவான். என்ன சிஸ்டரம்மா, என்ன செய்யுதான்?"

சிஸ்டர் தள்ளுவண்டியை அவரே தள்ளிக்கொண்டு போனார். "இசக்கி, லாரி வந்தாச்சு. துண்டையும் ஏத்தணும்" என்றார். அவர் யோசித்தார். பிறகு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். பாதத்துக் கட்டுக்கு மேலே, கெண்டைக்கால் சிவந்து, தொட்டால் சுட்டது. தினமும் பாதத்தைத்தான் பிரித்துக் கட்டினோம். துண்டுக்கு அடியில் சீழ் புதிதாக ஓர் இடம் பிடித்திருந்தது. காய்ச்சல் மாத்திரை ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததால் உடம்புச் சூடும் காட்டிக் கொடுக்கவில்லை. மனுஷன் வலியோடு பாட்டிலுக்குக் காவல் இருந்திருக்கிறார், சிரித்துக்கொண்டே.

டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். "இப்பவே திறக்கணும். நாளைக்கு வச்சா காலு நமக்கில்ல."

வேலம்மாள் கடையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். கையெழுத்துப் போட்டாள். ஆனால் இசக்கி தியேட்டருக்கு வரமாட்டேன் என்கிறார். பாட்டில் பாதி இருக்கிறது, காவலை விட்டுவிட்டு எப்படி வருவது? வேலம்மாள் கெஞ்சுகிறாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலை ஒட்டி நிறுத்தினேன். சிஸ்டர் பாட்டிலைக் கொக்கியிலிருந்து எடுத்து, இசக்கியின் வலது கையிலேயே கொடுத்தார்.

"பெரிய லாரி வந்திருக்கு. மூட்டையோட காவலும் போகணும்."

அவர் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் ஏறினார். வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்திருந்தது. ராதாபுரத்துக்காரர் மட்டும் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தார். "நான் ஒரு மடையன்வே" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

கால் பிழைத்தது. பாதத்துச் சுண்டு விரல் ஒன்று மட்டும் போனது. அறுவை முடிந்து மேசைக்கட்டிலில் போட்டார்கள். கட்டிலைச் சுற்றித் திரை கட்டி, வேலம்மாளை இரவிலும் இருக்கவிட வேண்டும் என்று ஜெபராணி சிஸ்டர் மேட்ரனிடம் கேட்டார். சட்டம் இருக்கிறதே என்றார்கள். "அப்ப அவனுக்கு வலிக்குதான்னு தெரிஞ்ச வேற ஒரு ஆளக் குடுங்க" என்றார், அதே மெல்லிய குரலில். திரை வந்தது. ஜவுளிக்கடைக்காரரிடமும் அவரே பேசினார். என்ன பேசினாரோ, வேலை போகவில்லை.

இப்போது இந்த மாதிரி ஒருவர் வந்தால், சேர்க்கும்போதே கூட வந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். வலித்தால் என்ன செய்வார்? காலையில் எழுந்ததும் என்ன செய்வார்? பயிற்சி மாணவிகள் வரிசையாகச் சொல்கிறார்கள். எப்படி வந்த கேள்வி என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பக்கம் மிஞ்சினாலும் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. கடைசிப் பெரட்டில் சிஸ்டர், "இசக்கி, இன்னையில இருந்து வீட்டு வேலை" என்றார். இசக்கி அசையவில்லை. என்னைப் பார்த்து, "பேரு?" என்றார். அங்கே யார் கூப்பிடுவார்கள் என்று கேட்கிறார். வேலம்மாள்தான், "நான் கூப்பிடுதேன்லே, வா" என்று கையைப் பிடித்தாள்.

சில மாதத்தில் நானும் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அதற்கப்புறம் சங்கு ஊதினால் விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்காருவேன். "எந்த வார்டு காத்துக் கெடக்கு? பைய எந்திரிங்க" என்பாள் என் வீட்டுக்காரி. வேலை எதுவும் இருக்காது. வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பேன்.

ஒருநாள் கால் தானாக வாய்க்கால் பக்கம் போய்விட்டது. அந்தச் சந்தில், குழாயடிக்குப் பக்கத்தில், மலையிலிருந்து வந்த ஐந்தாறு குடும்பத்து ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற அவசரம் எல்லோருக்கும். ஆனாலும் நின்றார்கள். வேலம்மாள் வாசல் பெருக்குகிற கூட்டுமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் "ஐயா" என்றார்கள். பொம்பளையைப் பார்த்து ஐயா என்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசைக் கடைசியில் இசக்கி, புதுச் செருப்பு, தலையில் அதே துண்டு. நான் பைய போய் அவருக்குப் பின்னால் ஒதுங்கினேன். நல்ல உயரமான ஆள், தூண் மாதிரி.

"இசக்கி!"

"ஐயா!"

அதோடு பெரட்டு முடிந்தது. ஆட்கள் கலைந்தார்கள். இசக்கி மட்டும் கலையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அக்காளைப் பார்த்தார். என்னை நோக்கி விரலை நீட்டி, "இவரு?" என்றார்.

வரிசையில் நிற்கிற ஒருவனைக் கூப்பிடாமல் விட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அட, அண்ணாச்சியா! வாங்க அண்ணாச்சி" என்றாள் வேலம்மாள். இசக்கி விரலை மடக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. ஒங்க பேரு என்ன?"

சொன்னேன். கலைந்து போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். வேலம்மாள் கூட்டுமாற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சுப்பையா!"

"ஐயா!" என்றேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

இசக்கிக்குத் திருப்தி. குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்த இரண்டு குடங்களைக் காட்டினார். ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். மற்றதை என் பக்கம் தள்ளினார். வேலை பிரித்துவிட்டார். ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது. அதை இசக்கியிடம் யார் போய்ச் சொல்வது? குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.